சிஸ்டம்டி அப்கிரேடா? ரீபூட்டுக்கு முன்னாடி கெர்னல் கான்ஃபிக்க பாத்துக்கோங்க
லினக்ஸ்ல சொந்தமா கெர்னல் (சிஸ்டத்தோட மையப் புரோகிராம்) கம்பைல் பண்ணி ஓட்டுறவங்க சிஸ்டம்டிய (பூட் ஆகும்போது மத்த சர்வீஸ எல்லாம் கிளப்புற புரோகிராம்) வெர்ஷன் 258-க்கு ஏத்துனதும் உடனே ரீபூட் அடிச்சிராதீங்க, அதுக்கு குறைஞ்சது 5.4 கெர்னல் வேணும், பழைய சிகுரூப் வி1 (புரோகிராம்கள குரூப்பா பிரிச்சு மெமரி, சிபியு அளவ கட்டுப்படுத்துற கெர்னல் வசதியோட முதல் வெர்ஷன்) சப்போர்ட்டயும் மொத்தமா தூக்கிட்டாங்க. இப்ப ஓடுற கெர்னலோட கான்ஃபிக் ஃபைல (எந்தெந்த வசதி ஆன்ல இருக்குன்னு சொல்ற லிஸ்ட்) புது சோர்ஸ் ஃபோல்டர்ல டாட் கான்ஃபிக்னு காப்பி பண்ணிட்டு டெர்மினல்ல 'மேக் ஓல்ட்கான்ஃபிக்' கமாண்ட் குடுங்க, புதுசா வந்த ஆப்ஷன மட்டும்தான் கேக்கும், சும்மா என்டர் தட்டிக்கிட்டே போகாம கொஞ்சம் படிங்க (போர்தான், என்ன பண்றது). அப்புறம் 'மேக் மெனுகான்ஃபிக்' குடுத்தா வர்ற மெனுல ஸ்லாஷ் அடிச்சு டெவ்டிஎம்பிஎஃப்எஸ், சிகுரூப்ஸ், ஐநோட்டிஃபை, எஃப்ஹேண்டில்னு சிஸ்டம்டிக்கு வேண்டிய ஆப்ஷன் எல்லாம் ஆன்ல இருக்கான்னு தேடிருங்க. இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் டிஸ்க் மவுண்ட் ஆகுறதுக்கு முன்னாடி மெமரில ஏறுற குட்டி ஃபைல்சிஸ்டம்) இல்லாதவங்க ரூட் டிஸ்க் டிரைவரயும் ஃபைல்சிஸ்டத்தயும் மாடியூலா (தேவைப்படும்போது தனியா லோட் ஆகுற ஃபைலா) விடாம கெர்னலுக்குள்ளயே வச்சிருங்க. புது கெர்னல் ஒழுங்கா பூட் ஆகுற வரைக்கும் பழசு கிரப் மெனுலயே (பூட் ஆகும்போது கெர்னல தேர்ந்தெடுக்குற மெனு) கிடக்கட்டும்.