ஜெபம் வராத நாளில் சங்கீதத்தை எடுத்து ஜெபிப்பது எப்படி

ஒரு போதகருக்கு ஜெபம் வரவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பத்துப் பேர் முன்னால் எனக்கு ஜெபம் தங்குதடையில்லாமல் வரும். திருமணமா, அடக்கமா, அந்தந்த இடத்துக்கு ஏற்ற வார்த்தைகள் நாக்கு நுனியில் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காரும்போதுதான் சிக்கல். ஒரு வருஷம் ஏறக்குறைய நான்கு மாதம், "கர்த்தாவே" என்று ஆரம்பிப்பேன்; அதற்குமேல் ஒரு வார்த்தை நகராது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பிரசங்கம் செய்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அப்போது கற்றுக்கொண்டதுதான் சங்கீதத்தை, அதாவது வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலுள்ள பாட்டுகளை, வைத்து ஜெபிப்பது. நான் கண்டுபிடித்ததல்ல. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துத் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில் 150 சங்கீதங்களையும் ஒரே வாரத்தில் சொல்லி முடிக்கச் சொல்கிறார். 1549-இல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகம் அதை ஒரு மாதத்துக்குப் பரப்பிக் கொடுத்தது. வேலை, குடும்பம் என்று ஓடுகிறவர்களுக்கு இரண்டுமே கனம்தான். நான் சொல்லிக்கொடுப்பது அதைவிட லேசானது.

அன்றைய தேதியைப் பாருங்கள். தேதி 7 என்றால் 7-ஆம் சங்கீதம். அதோடு முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போங்கள்: 37, 67, 97, 127. இந்த ஐந்தையும் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றின் முதல் சில வசனங்களை மட்டும் பார்த்து, எதில் கண் நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தேடுவதற்கு இரண்டு நிமிடத்துக்குமேல் ஆக வேண்டாம். 29-ஆம் தேதி 119-ஆம் சங்கீதம் வரும், 176 வசனம். அதை இந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, 31-ஆம் தேதிக்குத் தள்ளிவிடுங்கள். அன்றைக்கும் எட்டே எட்டு வசனம் போதும். எபிரெய எழுத்துக்கள் 22-க்கும் எட்டெட்டு வசனமாக எழுதப்பட்ட பாட்டு அது, வெட்டி எடுத்தாலும் கெடாது.

ஏன் தேதி என்று கேட்கலாம். பிடித்ததை எடுத்து ஜெபித்தால் ஆகாதா? நமக்குப் பிடித்தது எது என்று எனக்குத் தெரியும்: 23, 91, 121. ஆறுதல் தருகிறவற்றை மட்டும் சுற்றிச்சுற்றி வருவோம். சங்கீதப் புத்தகத்தில் புலம்பலும் முறையீடும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே இருக்கும். அதையெல்லாம் தாண்டிப்போனால், நம் வீட்டுக்குள் அழுகை வரும் நாளில் கையில் பாட்டு இருக்காது. இயேசு சிலுவையில் சொன்னவற்றில் இரண்டு சங்கீதத்திலிருந்து வந்தவை. ஒன்று 22-இன் முதல் வரி, மற்றது 31-இல் உள்ளது. இரண்டுமே நெருக்கடியில் இருக்கிறவனின் பாட்டு.

அடுத்தது, வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் சங்கீதத்தில் "தியானமாயிருக்கிற" என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் முணுமுணுப்பைக் குறிப்பது. வேதாகமத்தின் ஏசாயா புத்தகத்தில் சிங்கம் உறுமுவதற்கும் புறா குமுறுவதற்கும் அதே வினைச்சொல்தான். கண்ணை மூடிச் சும்மா இருப்பது அல்ல தியானம். உதடு அசைய வேண்டும். பக்கத்தில் யாராவது தூங்கினால் மெதுவாகச் சொல்லுங்கள், சரி.

இனி ஒவ்வொரு வரியாக. 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை வருகிறது. முதல் "எதுவரைக்கும்" சொன்னதும் நிறுத்துங்கள். உங்களுடைய "எதுவரைக்கும்" என்ன? மருத்துவ அறிக்கைக்குக் காத்திருப்பதா, பேசாமல் இருக்கும் மகனா, வேலை தேடி ஓய்ந்த மாதங்களா? அதை அந்த வரிக்குள் வைத்து, பெயரோடு சொல்லுங்கள். அப்புறம் அடுத்த வரி. மனதில் ஒன்றும் எழவில்லையென்றால் வரியை வரியாகவே சொல்லிவிட்டு நகருங்கள். வலிந்து எதையும் பிழிய வேண்டாம். கடைசி வசனத்தில், இந்தச் சங்கீதத்துக்கு உரியவரான தாவீது, கர்த்தரைப் பாடுவேன் என்கிறார். உங்களால் அன்றைக்குப் பாட முடியாவிட்டால், "இதை நான் இன்னும் சொல்ல முடியவில்லை, ஆண்டவரே" என்று சொல்லுங்கள். அதுவும் ஜெபம்தான்.

அந்த நான்கு மாதத்துக்கு வருகிறேன். சபையில் என்னோடு நெருக்கமாக ஊழியம் செய்த மூப்பர் ஒருவரோடு மனக்கசப்பு. யார் பக்கம் தப்பு என்பதை இங்கே பேசப்போவதில்லை. என் பக்கமும் இருந்தது. ஒரு மாதம் 25-ஆம் தேதி, வரிசையில் 55-ஆம் சங்கீதம் வந்தது. என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன். என் தோழனாகிய நீயே அவன், நாம் சேர்ந்து தேவாலயத்துக்குப் போனோமே என்கிறது 12 முதல் 14 வரையுள்ள வசனங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 14-ஆம் வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் அவர் பெயரின் முதலெழுத்தை அழுத்தி எழுதினேன்.

அடுத்த வசனம்: மரணம் அவர்களைப் பிடிப்பதாக, அவர்கள் உயிரோடே பாதாளத்தில் இறங்குவார்களாக. வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் வேறு. சொன்னேன். சொன்னபிறகுதான், இவ்வளவு நாளும் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது இதுதான் என்று தெரிந்தது. போதகன் இப்படி நினைக்கக் கூடாது என்று அதை உள்ளே பூட்டியிருந்தேன். அதோடு சேர்ந்து மற்ற எல்லா ஜெபமும் பூட்டிக்கொண்டது. சொல்லி முடித்தபோது வெட்கமாக இருந்தது. அவர் பிள்ளைகள் முகம் ஞாபகம் வந்தது. ஆனால் "கர்த்தாவே"க்குப் பிறகு வார்த்தைகள் வர ஆரம்பித்தன, முதலில் கோபமாகவே.

இன்னும் ஏழு வசனம் தள்ளி 22-இல், "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" வருகிறது. சுவரில் மாட்டுகிற வசனம். அது இந்தக் கொதிப்புக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்பதை எத்தனையோ முறை அதை வைத்துப் பிரசங்கித்த நானே கவனித்ததில்லை. அதற்கு அடுத்த வசனம் திரும்பவும் பகைவனைத்தான் பேசுகிறது. பாரத்தை வைத்த மறுநிமிடமே மனம் அமைதியாகிவிடும் என்று இந்தச் சங்கீதம் சொல்லவில்லை.

சாபமிடும் சங்கீதங்கள் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அவற்றைக் கர்த்தரிடம் சொல்லுங்கள். மனுஷரிடமோ, மனுஷரைப் பார்த்தோ சொல்லாதீர்கள். 109-ஐ ஒருவர் தன் அண்ணனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். தீர்ப்பைக் கடவுள் கையில் ஒப்படைப்பதற்கு எழுதப்பட்டது, நாம் கையில் எடுத்துக்கொண்டால் வேறாகிவிடுகிறது.

சில நாள் சங்கீதமும் உங்கள் நிலையும் ஒட்டாது. நீங்கள் சந்தோஷமாக இருப்பீர்கள், கையில் 88 வரும். அது கடைசிவரை இருட்டாகவே முடிகிற சங்கீதம். அன்றைக்கு அந்த நிலையில் இருக்கும் ஒருவரை நினைத்து அவருக்காகச் சொல்லுங்கள். துக்க வீட்டுக்குப் போவதற்கு முன் நான் இதைச் செய்வதுண்டு. போய் உட்கார்ந்ததும் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லும் வியாதி கொஞ்சம் குறைகிறது.

பத்து நிமிடம் போதும். தொடர்ந்து செய்ய முடியவில்லையே என்ற குற்ற உணர்வுதான் பலரை நிறுத்திவிடுகிறது. "பாஸ்டர், ஒன்பது நாள் விட்டுவிட்டேன், எங்கிருந்து பிடிப்பது?" என்று போன வாரம்கூட ஒரு சகோதரி கேட்டார்கள். விட்டதையெல்லாம் சேர்த்துப் படித்து முடிக்கும் யோசனையில் இருந்தார்கள்.

"இன்றைக்கு என்ன தேதிம்மா?" என்று கேட்டேன்.