மேலாளரின் ஆண்டு இலக்கில் ஒரு வரி
புதிய யோசனைகளை ஆதரிக்கும்படி மேலாளர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதைவிட, அண்மை ஆண்டுகளில் அறிமுகமான பொருள்கள் ஈட்டும் விற்பனைப் பங்கை அவர்களுடைய ஆண்டு இலக்கில் ஒரு வரியாகச் சேர்த்து, ஆய்வுக் கூட்டத்தில் தலைமை நிர்வாகியே அதை முதலில் கேட்கட்டும்.

காலாண்டு விற்பனைக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டிய மேலாளர், தம் பணியாளரின் நேரத்தைச் சோதனை முயற்சிக்கு விட்டுக்கொடுக்கத் தயங்குவது இயல்பே. மேலிடம் எதைத் தவறாமல் கேட்கிறதோ, அதற்கே அவர் ஆளும் பணமும் ஒதுக்குவார். அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனம், தொழில்நுட்பப் பணியாளர்கள் வேலை நேரத்தில் 15 விழுக்காட்டைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று அனுமதித்ததோடு நிற்காமல், ஐந்து ஆண்டுகளுக்குள் வந்த பொருள்கள் விற்பனையில் 25 விழுக்காடு தர வேண்டும் என்ற இலக்கையும் பிரிவுகளுக்கு வைத்தது; 1990-களில் அது நான்கு ஆண்டுகள், 30 விழுக்காடு என்று இன்னும் கடுமையானது. அனுமதியைப் பலரும் பின்பற்றுகிறார்கள், ஆனால் மேலாளரைப் பணியாளரின் பக்கம் நிற்க வைக்கும் இந்த இலக்கை விட்டுவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

மருந்து, விமானப் பாகங்கள் போன்று ஒப்புதலுக்கே பல ஆண்டுகள் பிடிக்கும் தொழில்களுக்கு இந்தக் கால வரம்பு பொருந்தாது. உறையை மாற்றியதையே புதிய பொருளாகக் கணக்குக் காட்ட இடமிருந்தாலும் பயன் கிட்டாது.