மகளின் ‘லா’வும் என் ‘லே’வும்

குடும்பத்தோடு சிங்கப்பூர் வரப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வேலை அனுமதி, சிங்பாஸ் (அரசு சேவைகளுக்கான மின் அடையாளம்), வங்கிக் கணக்கு இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம், ஊரில் அலைவது போல் அலைய விடமாட்டார்கள். பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் நடுவகுப்பில் இடம் வேண்டுமென்றால் ஏஇஐஎஸ் என்னும் வெளிநாட்டு மாணவர் சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலம், கணக்கு இரண்டுதான். தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் கிடைக்கும். சரி, அதுவும் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். நான் குழியில் விழுந்தது அதற்கு அப்புறம்தான்.

மகள் தொடக்கநிலை 4. சேர்ந்த மூன்றாம் மாதம், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு தோழி அவளிடம், “டுமாரோ கம் மை ஹவுஸ், கேன் ஆர் நாட்?” என்றாள். இவள், “கேன் லா!” நான் அங்கேயே, அந்தப் பெண் எதிரிலேயே, “‘யெஸ், ஐ கேன்’ என்று முழுசாச் சொல்லு” என்றேன். இத்தனை செலவழித்துச் சிங்கப்பூர் வந்தது இந்த ஆங்கிலத்துக்கா என்ற எரிச்சல். அடுத்த வாரமே பேச்சு ஆங்கிலத்துக்கு ட்யூஷனும் வைத்தேன்.

தோழி வருவது நின்றது. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர், “கட்டுரை நன்றாகவே எழுதுகிறாள். ஆனால் குழுவாக உட்கார்ந்தால் வாயே திறப்பதில்லை” என்றார். எங்கே ‘லா’ போடலாம், எங்கே போடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்த ‘லா’ போடும் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்துக்குச் சிங்கிலிஷ் என்று பெயர். அரசாங்கத்துக்கும் அதன் மேல் பிரியமில்லை. 2000-இல் நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி ஓர் இயக்கமே தொடங்கினார்கள். பள்ளித் தேர்வில் சிங்கிலிஷ் எழுதினால் மார்க் போகும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அது அரைகுறை ஆங்கிலம் இல்லை. ‘கேன் லா’ என்றால் தாராளமாக ஆகும். ‘கேன் மெ?’ என்றால் நிஜமாவா, நடக்குமா? ‘கேன் லோர்’ என்றால் சரி, வேறு வழியில்லை. எனக்கு இது பிடிபட ஒரு வருடம் ஆனது. அதற்காக, வந்த மறுநாளே ஆபீஸில் நீங்களும் ‘லா’ போடாதீர்கள். ஒட்டாது, முகத்துக்கு நேரே சிரிப்பார்கள்.

ட்யூஷனை நிறுத்த வைத்தது மகள்தான். பாளையங்கோட்டையில் இருக்கும் தம்பியிடம் “ஏலே, எப்பலே வந்த?” என்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். வைத்ததும் கேட்டாள்: “உங்க ஆபீஸ் தமிழ் அங்கிள்கிட்ட இப்படிப் பேசமாட்டீங்களே, ஏன்ப்பா?” சென்னையில் கல்லூரி ஹாஸ்டலில் இந்த ‘லே’வுக்காகவே முதல் வருடம் முழுக்கக் கிண்டல் பட்டவன் நான். பதில் வரவில்லை.

போன ஞாயிறு தேக்கா உணவங்காடியில், பால், சர்க்கரை இரண்டும் வேண்டாம், டீ மட்டும் போதும் என்று இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டேன். கடைக்கார ஆன்ட்டி என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். “தே ஓ கோசோங்” என்றாள்.