இரண்டு உலோகம் சேர்த்து ஃபியூஸ் இழை செய்கிறீர்களா? தவறு நடக்கும் இடங்கள் இவை

சீக்கிரம் உருகும் உலோகத்தில் செய்வதுதான் ஃபியூஸ் என்ற நினைப்பு, பாலிடெக்னிக் முடித்து வரும் பையன்களிடமும் இருக்கிறது, காலமெல்லாம் வயரிங் பார்த்த பெரியவர்களிடமும் இருக்கிறது. இழை செய்யப் போகிறவர்களின் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது. அது உண்மையானால் 327 டிகிரியில் உருகும் காரீயம்தான் உலகத்திலேயே நல்ல ஃபியூஸாக இருக்க வேண்டும். ஆனால் பீங்கான் குழாய்க்குள் மணல் நிரப்பி இரு முனையிலும் உலோக மூடி போட்ட தரமான கார்ட்ரிட்ஜ் ஃபியூஸ் ஒன்றை உடைத்துப் பாருங்கள், உள்ளே இருப்பது 962 டிகிரியில் உருகும் வெள்ளி, இல்லையென்றால் 1085 டிகிரி கேட்கும் தாமிரம்.

காரணம் எளிது. காரீயத்தின் மின்தடை தாமிரத்தைப் போல ஏறக்குறைய 12 மடங்கு. அதனால் அதே மின்னோட்டத்தைத் தாங்க மிகவும் தடித்த கம்பி வேண்டும். வில்லியம் ப்ரீஸ் 1880களில் கொடுத்த கணக்கின்படி 0.5 மி.மீ. தாமிரக் கம்பி 28 ஆம்பியர் வாக்கில் அறும். அதே 28 ஆம்பியரில் அறக் காரீயக் கம்பி 1.9 மி.மீ. இருக்க வேண்டும். குறுக்குவெட்டில் 14 மடங்கு. அவ்வளவு உலோகமும் உருகி ஆவியாகும்போது எழும் மின்வில்லை, அதாவது அறுந்த இடைவெளியில் எரியும் மின்பொறியை, யார் அணைப்பது? ஃபியூஸின் வேலையில் உருகுவது சுலபமான பாதி, வில்லை அணைப்பதுதான் கஷ்டமான பாதி.

சரி, தாமிரமே போதும் என்று விட்டுவிடலாமா என்றால் அதுவும் முடியாது. லேசான ஓவர்லோடில் தாமிரப் பட்டை 1085 டிகிரிக்குப் போவதற்குள் பீங்கான் உறையும் முனை மூடிகளும் அடுத்திருக்கும் வயரும் வெந்துவிடும். இதற்காகத்தான் பட்டையின் நடுவில் ஒரு பொட்டு வெள்ளீயம் வைக்கிறார்கள். மெட்காஃப் என்பவர் 1939இல் இதை விளக்கி எழுதியதால் எம் விளைவு என்று பெயர். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகித் தன் கீழே இருக்கும் தாமிரத்தைக் கரைத்துத் தின்ன ஆரம்பிக்கும், பட்டை மெலியும், தடை கூடும், சூடு இன்னும் கூடும், கடைசியில் தாமிரம் தன் உருகுநிலையின் பக்கமே போகாமல் அறுந்துவிடும். இரண்டு உலோகமும் தனித்தனியே எத்தனை டிகிரியில் உருகும் என்ற அட்டவணையை வைத்துக்கொண்டு இதைக் கணக்குப் போட முடியாது. அவை தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் வடிவமைக்கிறீர்கள்.

இனி தவறுகள். முதலில் பெரியது: ஓவர்லோடையும் ஷார்ட்டையும் ஒரே பொட்டு பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது. ஷார்ட் ஆனால் எல்லாம் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும், வெள்ளீயம் உருகித் தாமிரத்தைக் கரைக்க அதற்கு நேரமே கிடையாது. அந்த நேரத்தில் முடிவு செய்வது பட்டையில் வெட்டியிருக்கும் குறுகிய கழுத்துகள். ஆகவே ஒரு பட்டைக்குள் இரண்டு ஃபியூஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். எத்தனை கழுத்து என்பதும் அழகுக்காக இல்லை. ஒவ்வொரு கழுத்திலும் ஒரு வில் எழும், அவை வரிசையாகச் சேர்ந்துதான் சர்க்யூட்டின் வோல்டேஜை எதிர்த்து நிற்கும். 240 வோல்ட்டுக்குச் செய்ததை 415க்கு அப்படியே மாட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

பொட்டைச் சரியாகக் கழுத்தின் மேலேயே வைப்பது அடுத்தது. பார்க்க நியாயமாகத்தான் தெரியும், அறுபட வேண்டிய இடம் அதுதானே என்று. ஆனால் கழுத்தில் கூடுதலாக உலோகம் ஏற்றினால் ஷார்ட் நேரத்தில் அது அறும் கணக்கே மாறிவிடும், அதுவும் ஒவ்வொரு ஃபியூஸிலும் ஒவ்வொரு விதமாக. கழுத்துக்கு அடுத்து வையுங்கள். பட்டையின் முனைப் பக்கம் தள்ளி வைத்தாலும் தப்புதான். முனை மூடி சூட்டை இழுத்துக்கொள்வதால் பொட்டு 232ஐத் தொடுவதற்குள் நடுப்பகுதி சிவந்துவிடும். உருகிய வெள்ளீயம் பட்டை வழியே ஓடிப் பரவினாலும் வேலை நடக்காது, அது ஓரிடத்தில் தங்கும்படி சின்னத் துளையோ தடுப்போ வேண்டும்.

வெள்ளிப் பட்டைக்கு வைத்த பொட்டின் அளவை அப்படியே தாமிரப் பட்டைக்கும் வைப்பது நிறையப் பேர் செய்வது. உருகும் வாக்கில் வெள்ளீயம் தன் எடையில் சுமார் 100க்கு 1 பங்கு அளவே தாமிரத்தைக் கரைத்துக்கொள்ளும், வெள்ளியையோ 3 பங்குக்கு மேல் கரைக்கும். சூடு ஏறினால்தான் தாமிரம் இன்னும் கரையும். அதனால் தாமிரத்தில் பொட்டு பெரிதாக வேண்டும், பட்டை மெல்லிசாக வேண்டும், அப்படியும் சோதனை செய்து பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். முன்பு சிலர் வெள்ளீயத்தோடு காட்மியம் கலந்தார்கள், ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஏற்றுமதி எண்ணம் இருந்தால் பழைய கலவைக் குறிப்புகளைத் தூசி தட்டி எடுக்காதீர்கள்.

இப்போது வீட்டுப் பக்கம் வருவோம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் தேக்குப் பலகையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்த்தால் காணும் சங்கதி: கடையில் வாங்கிய ஈயக் கம்பி (வெள்ளீயமும் காரீயமும் கலந்தது) ஒன்று, அதோடு முறுக்கிய ஒயரின் தாமிர இழை ஒன்றிரண்டு. இரண்டு உலோகம் சேர்த்தால் நடுத்தரமாக வேலை செய்யும் என்று கணக்கு. செய்யாது. ஒரே தடிமனில் ஈயக் கலவையின் தடை தாமிரத்தைப் போல 8, 9 மடங்கு, அதனால் மின்னோட்டத்தில் 10க்கு 9 பங்கு தாமிரம் வழியாகத்தான் போகும். ஈயக் கம்பி அங்கே சும்மா துணைக்கு நிற்கிறது. 0.3 மி.மீ. தாமிர இழை ஒன்றே 13 ஆம்பியர் வாக்கில்தான் அறும். மூன்று சேர்த்து முறுக்கினால் 39 ஆகும் என்றும் சொல்ல முடியாது, ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் சூடு வெளியேற வழி குறைந்து அதற்கு முன்பே அறும், ஆனால் எவ்வளவு முன்பு என்பது முறுக்கின் இறுக்கத்தைப் பொறுத்தது. எப்போது அறும் என்று தெரியாத ஒன்றுக்கு ஃபியூஸ் என்று பெயர் வைப்பது வீண். தகரம் பூசிய தாமிர ஃபியூஸ் கம்பி அளவு போட்டே கிடைக்கிறது: 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ., 10க்கு 0.35, 15க்கு 0.5. இந்தக் கம்பிகளுக்கென்றே ஐ.எஸ். 9926 என்று இந்தியத் தரம் இருக்கிறது.

ப்ரீஸ் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் மேலே நானே பயன்படுத்தியிருக்கிறேன். அது காற்றில் தொங்கும் நீளமான மெல்லிய கம்பிக்கு உரியது. இரண்டு திருகுகளுக்கு நடுவே இருக்கும் குட்டிக் கம்பிக்கோ மணலுக்குள் புதைத்த பட்டைக்கோ அதைப் போட்டால் விடை எங்கேயோ போகும். ஈயச்சொம்பில் ரசம் இருக்கும்வரை அடுப்பில் ஒன்றும் ஆகாது, வெறும் சொம்பை வைத்தால் உருகி ஓடிவிடும், இல்லையா? சொம்பும் தீயும் அதேதான், சூடு போக வழி இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். ப்ரீஸ் கணக்கை உத்தேச ஆரம்பமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முலாம் விஷயத்துக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெறும் தாமிரப் பட்டை சூட்டில் கிடந்தால் மேலே ஆக்சைடு படிந்து படிந்து உள்ளிருக்கும் உலோகம் மெலியும், பல வருடம் கழித்து எந்தக் காரணமும் இல்லாமல் ஃபியூஸ் போகும். இதற்கு வெள்ளி முலாம் நல்ல வழி. ஆனால் எப்போது பூசுகிறோம் என்பதில் சிக்கல். முலாம் பூசிய தகட்டை வாங்கிப் பிறகு அச்சில் வெட்டினால் கழுத்தின் வெட்டு ஓரங்கள் வெறும் தாமிரமாகத் திறந்து கிடக்கும். வெட்டிய பிறகு பூசினால் விளிம்புகளிலும் மூலைகளிலும் மின்னோட்டம் அடர்த்தியாகப் பாய்வதால் வெள்ளி அங்கே கூடுதலாகப் படியும், அதாவது எந்தக் கழுத்தின் அளவு மாறவே கூடாதோ அங்கேதான் தடிக்கும். 0.1 மி.மீ. பட்டையில் இரு பக்கமும் 5 மைக்ரான் ஏறினாலே குறுக்குவெட்டு 10 சதவீதம் கூடிவிடுகிறது. ஷார்ட்டில் உருக வேண்டிய ஐ-ஸ்கொயர்-டி மதிப்பு (மின்னோட்டத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கியது) குறுக்குவெட்டின் வர்க்கத்தோடு ஏறுவதால் அது 21 சதவீதம் உயரும். முலாம் தடிமனை முன்கூட்டியே கழித்துக் கழுத்தை வடிவமைப்பதுதான் சரி. இதே கணக்கு அச்சுத் தேய்மானத்துக்கும் பொருந்தும்: அச்சு தேயத் தேயக் கழுத்தின் அகலமும் பிசிறும் மாறும், காலையில் வெட்டியதும் சாயங்காலம் வெட்டியதும் ஒன்றாக இருக்காது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. முலாம் பற்றி யாரிடம் கேட்பது என்று இந்த ஊர்க்காரர் மட்டும் சொல்லக் கூடாது.

பற்றவைப்பில் நடப்பது வேறு கூத்து. பட்டையை முனை மூடியோடு சேர்க்க 63-37 வெள்ளீயக் காரீயப் பற்றாசை எடுக்கிறார்கள், கையில் இருப்பது அதுதான் என்பதால். அது 183 டிகிரியிலேயே உருகிவிடும். நடுவில் இருக்கும் பொட்டு உருக 232 வேண்டும். நீண்ட ஓவர்லோடில் முனைகள் சூடேறினால் முதலில் கைவிடுவது இணைப்பு, அங்கே வில் எழுந்தால் சுற்றிலும் மணல் போதாது, மூடி தெறிக்கும். ஸ்பாட் வெல்டிங் செய்யுங்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பழக்கத்தில் நவச்சாரம் தடவுகிறவர்களும் உண்டு, ஒட்டுவது என்னவோ பிரமாதமாக ஒட்டும், ஆனால் மிச்சமிருக்கும் குளோரைடு மூடிய குழாய்க்குள் ஈரத்தோடு சேர்ந்து 0.1 மி.மீ. பட்டையை அரித்துக்கொண்டே இருக்கும். ரோசின் என்ற மரப்பிசின் தேவலை. அதையும் கழுவாமல் விட்டால் வில்லின் சூட்டில் கரியாகி, அறுந்த பிறகும் மின்சாரம் கசிய வழி செய்துவிடும்.

மணலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ஆற்று மணலைச் சலித்து வெயிலில் காயவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். களிமண்ணும் இரும்பும் கலவாத, நன்கு உலர்த்திய குவார்ட்ஸ் மணல், அதுவும் அதிர்வு கொடுத்து இடைவெளி இல்லாமல் நிரப்பியது வேண்டும். துத்தநாக இழையைத் தாமிர முனையோடு சேர்க்கிறவர்கள், தொண்டி பக்கத்துக் கடற்காற்றில் துத்தநாகம்தான் முதலில் அரிபடும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும்.

இங்கே கிணற்று மோட்டார்களுக்குத்தான் ஃபியூஸ் அதிகம் போகிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஓடும் மின்னோட்டத்தைப் போல 5, 6 மடங்கு பாய்கிறது, பட்டை நீளுகிறது, பிறகு சுருங்குகிறது. நேராக இழுத்துப் பொருத்திய பட்டை இப்படி நீண்டு சுருங்கியே கழுத்தில் விரிசல் விடும், அதனால் நடுவே ஒரு வளைவு கொடுத்து வையுங்கள். ஒரு லட்சம் தடவை தாங்க வேண்டுமானால் ஒரு ஸ்டார்ட்டின் ஐ-ஸ்கொயர்-டி, உருகும் மதிப்பில் ஏறக்குறைய 5இல் 1 பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. அப்புறம் சித்திரை வெயில். ஃபியூஸ்களுக்கான ஐ.இ.சி. 60269 என்ற சர்வதேசத் தரம் சுற்றுச் சூட்டை 40 டிகிரிக்கு மேல் போகாது என்றுதான் எடுத்துக்கொள்கிறது. தகரக் கொட்டகைக்குள் இரும்புப் பெட்டியில் இருக்கும் ஃபியூஸுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. அந்தச் சூட்டில் வெள்ளீயமும் தாமிரமும் உருகாமலேயே ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி நொறுங்கும் சேர்மமாக மாறிக்கொண்டிருக்கும், பொட்டின் குணம் வருடா வருடம் மாறும். முழு ரேட்டிங்கில் வைத்து ஓட்டாதீர்கள்.

கடைசியாகச் சோதனை. அறுபடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டியில் அடுக்குகிறார்கள். அறுபடாமல் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்: பொதுப் பயன்பாட்டு வகையில் 16இலிருந்து 63 ஆம்பியர் வரையுள்ள ஃபியூஸ், தன் ரேட்டிங் மின்னோட்டத்தைப் போல 1.25 மடங்கில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், 1.6 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் அற வேண்டும். ஷார்ட் சோதனையைப் பட்டறையில் யாரும் முயலாதீர்கள், அதற்குப் பெங்களூரில் இருக்கும் மத்திய மின் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்கள் உண்டு. சோதனையில் போன ஃபியூஸ்களைத் தூக்கி எறியாமல் அறுத்துப் பாருங்கள். ஓவர்லோடில் போனது பொட்டில் அறுந்திருக்க வேண்டும். ஷார்ட்டில் போனதில் எல்லாக் கழுத்தும் போய் மணல் கண்ணாடிக் கட்டியாக உருகியிருக்க வேண்டும். எது எப்படிப் போனாலும் மூடிக்கு அடியில் அறுந்திருந்தால் அந்த லாட் முழுவதையும் நிறுத்தி வைத்துவிட்டுப் பற்றவைப்பிலிருந்து மறுபடி பாருங்கள்.