எழுத உட்காரும் முன் சுவரைத் தள்ளட்டும்

மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் குழந்தையை எழுத உட்கார வைக்கும் முன், இரு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்து 10 எண்ணும்வரை தள்ளச் சொல்லுங்கள். 5 முறை போதும். உட்கார்ந்ததும் பாதம் தொங்காதபடி காலடியில் ஒரு பலகை வையுங்கள்.

தளர்ந்த மூட்டிலிருந்து ‘கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது’ என்ற தகவல் மூளைக்குப் பல நேரம் மங்கலாகவே போகிறது. நெளிவதும், நாற்காலிக் காலில் காலைச் சுற்றிக்கொள்வதும், பென்சில் முனை ஒடிய அழுத்துவதும் அதனால் இருக்கலாம். சேட்டை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்! தசை உழைத்தால் அந்தத் தகவல் வலுக்கும். ஆனால் முழங்கையைக் கவனியுங்கள்: பின்னோக்கி வளைந்து பூட்டிக்கொண்டால் பாரம் தசைக்குப் போகாமல் மூட்டில் விழும். சற்றே மடங்கியிருக்கட்டும்.

வலி, வீக்கம், அண்மையில் மூட்டு விலகல் இருந்தால் இது வேண்டாம். முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். கையைப் பிடித்துத் தூக்கிச் சுற்றுவது எப்போதுமே கூடாது.