உங்கள் கேரக்டர்களுக்கு ஒரு கோட்டை: முதல்முறை கட்டுபவர்களுக்கு

ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டராகப் பேசி விளையாடும் ஃபேன்டஸி ரோல்பிளேயிங் விளையாட்டில் கொஞ்சம் தங்கம் சேர்ந்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நமக்குன்னு ஒரு இடம் வேண்டாமா?" இது ஒன்றும் புது ஆசை இல்லை. 1974-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் முதல் பதிப்பிலேயே உயர்ந்த லெவல் வீரர்கள் கோட்டை கட்டிக்கொள்ளலாம்.

எங்கள் குழுவில் கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். என்னிடம் முதலில் கேட்டபோது மூன்று இரவு விழித்து அகழி, கொத்தளம், எட்டுக் கோபுரம் என்று மேப் வரைந்தேன். அதை விரித்ததும் வந்த கேள்வி ஒன்றுதான்: "இங்கே சமைக்கிறது யாரு?" முழித்தேன்.

படி 1: செலவைப் பாருங்கள்

கேம் மாஸ்டரும் விளையாடுபவர்களும் முதலில் எந்த விதி என்று பேசி முடிவுசெய்யுங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளில் சிறு கோட்டை கட்ட 50,000 தங்கக் காசு, 400 நாள். கட்டிய பிறகும் பராமரிப்புக்குத் தினம் 100 காசு, அதாவது மாதம் 3,000. கோபுரம் என்றால் 15,000 காசு, 100 நாளில் முடிந்துவிடும். 2024 விதிகள் தாராளம்: லெவல் 5 தொட்டதும் கேரக்டருக்கு பாஸ்டியன் என்ற தளம் கிடைக்கும், இரண்டு சாதாரண அறை, இரண்டு சிறப்பு அறையோடு. விளையாட்டுக்குள் 7 நாளுக்கு ஒருமுறை அந்த அறைகளுக்கு வேலை கொடுக்கலாம்.

என்னைக் கேட்டால், புதிதாகக் கட்டவே வேண்டாம். பாழடைந்த ஒன்றைப் பிடியுங்கள்.

படி 2: குறையோடு தொடங்குங்கள்

எங்கள் குழுவுக்குக் கிடைத்தது ஆற்றோரத்தில் ஒரு காவல் கோபுரம். மூன்று மாடி, ஒழுகும் கூரை, தரைத்தளத்தின் நடுவே கல் வைத்து மூடிய கிணறு. இந்த மூன்றாவது விஷயம்தான் முக்கியம். கூரையைச் சரிசெய்யக் காசு போதும். கிணறு மூன்று மாதம் பேச்சுக்கு ஆனது.

வரைவதற்குக் கட்டம் போட்ட தாள் போதும். ஒரு கட்டம் 5 அடி என்றால் நாலுக்கு நாலு கட்டத்தில் 20 அடி அறை வந்துவிடும். வாசல், எல்லோரும் கூடும் இடம், ஆளுக்கொரு மூலை. மற்ற இடத்தில் "இடிந்தது" என்று எழுதி விட்டுவிடுங்கள், பிறகு தேவைப்படும். அவரவர் மூலையில் என்ன இருக்கிறது என்பதை அவரவரே சொல்லட்டும்.

படி 3: ஆட்களை வையுங்கள்

மூன்று பேர் போதும். சமையல்காரி, குதிரை பார்க்கும் பையன், வயதான காவலாளி. ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை, ஒரு விநோதம். எங்கள் காவலாளி இருட்டிய பிறகு கிணற்றுப் பக்கம் போகமாட்டார். கேட்டால் "முட்டி வலி" என்பார். அதே ஆள் மூன்று மாடி படியேறி விளக்கு வைப்பார்!

படி 4: ஒவ்வொரு செஷனிலும் பத்து நிமிடம்

ஒவ்வொரு முறை விளையாட உட்காரும்போதும் தொடக்கத்தில் ஆறு பக்க டைஸ் ஒன்றை உருட்டுங்கள். 1 விழுந்தால் ஒரு தொல்லை, 6 விழுந்தால் ஒரு விருந்தாளி, மற்றபடி ஒரு பழுது சரியாகிறது. அவ்வளவுதான்.

அப்புறம், புது கேம் மாஸ்டர்களுக்கு ஒரு அரிப்பு வரும்: எதிரியை அனுப்பி இதைக் கொளுத்திப் பார்க்கலாமே என்று. முதல் தாக்குதலிலேயே எல்லாம் சாம்பலானால் அந்தக் குழு அடுத்து ஒரு கூடாரத்துக்குக்கூடக் காசு செலவழிக்காது. இரண்டு நாள் முன்பே செய்தி வரட்டும். கதவுக்கு முட்டுக்கொடுப்பது, எண்ணெய் காய்ச்சுவது, பையனை எங்கே ஒளிப்பது என்று சண்டை போடுவது, சுவையே அங்கேதான் இருக்கிறது.

எங்கள் கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நானே இன்னும் முடிவு செய்யவில்லை. போன வாரம் காவலாளி மூடிமேல் இரண்டாவது கல்லை ஏற்றிவிட்டார், அந்த முட்டி வலியோடு.