முதியோர் பராமரிப்பு வலைப்பின்னல்: எங்கிருந்து தொடங்குவது?

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், பிள்ளைகள், தன்னார்வலர்கள் என ஒரு முதியவரைச் சுற்றி ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாததுதான் சிக்கல். இவர்களை ஒன்றாக இணைப்பதுதான் பராமரிப்பு வலைப்பின்னல். அமைப்புக்குப் பெயர் வைப்பதெல்லாம் பிறகு ஆகட்டும். முதலில் 15, 20 முதியவர்களோடு தொடங்குங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவர் வெளியூர் போனால் பார்த்துக்கொள்ள இன்னொருவரும் வேண்டும். வாட்ஸ்அப் குழு இதற்கு மாற்றாகாது. ‘அம்மாவுக்குத் தலைசுற்றல்’ என்ற செய்தியைப் பத்துப் பேர் படித்துவிட்டு, வேறு யாரோ கவனிப்பார்கள் என்று விட்டுவிடுவார்கள். நோய் விவரம் ஊருக்கெல்லாம் போவதும் சரியல்ல. எதை யாரிடம் சொல்லலாம் என்று அந்த முதியவரிடமே கேட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

பிறகு, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரே ஒரு தாள்: நோய்கள், ஒவ்வாமை, மருந்தின் பெயர், அளவு, வேளை, பொறுப்பாளரின் எண், கடைசியாகத் திருத்திய தேதி. தேதி இல்லாத தாளை நம்ப முடியாது.

அதிகம் தவறு நடப்பது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது. 48 மணி நேரத்துக்குள் பொறுப்பாளர் நேரில் போய், வீட்டிலுள்ள மருந்துகள் அத்தனையையும் மேசையில் பரப்பி, டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒப்பிட வேண்டும். அட்டையில் பெரிதாக இருக்கும் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை (generic name), படியுங்கள். பழைய அட்டையிலும் புதிய அட்டையிலும் அம்லோடிபின் இருந்தால், ஒரே ரத்த அழுத்த மருந்தை இரட்டிப்பாக விழுங்க நேரும்; அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், கால் வீங்கும். சந்தேகம் வந்தால் நீங்களே நிறுத்தாமல் அன்றே மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள். ஒரு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க முன்பதிவும் செய்துவிடுங்கள்.

விழும் அபாயத்தைத் தன்னார்வலரே கணிக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ அனுப்புங்கள். கைத்தடி இருந்தால் அதோடே நடக்கட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடி, நிலை மாறியவர்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று எழுதாத முடிவு நடக்காது.

முகம் கோணுதல், பேச்சுக் குழறல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் முதல் அழைப்பு ஆம்புலன்சுக்கு. பொறுப்பாளருக்குப் பிறகு சொல்லலாம். இதையும் அந்தத் தாளின் தலையிலேயே எழுதிவையுங்கள்.